கீரைப் பாத்தியும் ஈரல் புழுவும்

மூத்த மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் என் மாமியார் முதலில் இருமுவார். பிறகு, "சுகாதார அலுவலகத்துல டாக்டரு" என்பார். "எந்த வியாதிக்கு?" என்று அடுத்த கேள்வி வந்தால், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அடுப்பில் பால் இருக்காது.

என் ஓரகத்தி புழு டாக்டர். மனிதர்களின் குடலிலும் ஈரலிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் புழுக்களைக் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். அதற்கு அவர் பெரும்பாலும் பார்க்க வேண்டியிருப்பது ஊரார் காலையில் கழித்த மலத்தை. இதை எந்த மாமியார்தான் வாய் நிறையச் சொல்லிக்கொள்வார்?

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாமியாரை அத்தை என்று. அத்தைக்கு அவர் 'பெரியவ', நான் 'சின்னவ'. இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், எல்லோரும் ஒரே வீட்டில். வீட்டுக்குப் பின்னால் அத்தையின் கீரைத் தோட்டம். மலையிலிருந்து இறங்கும் ஓடையை வாய்க்கால் வெட்டித் திருப்பி, முழங்கால் ஆழத் தண்ணீரில் பாத்தி பாத்தியாக நீர்க்கீரை வளர்த்தார். தண்டு மொறுமொறுவென்று இருக்கும், லேசான காரம். எங்கள் ஊரில் அதைச் சமைப்பதில்லை. கழுவி, உப்புத் தூவிப் பச்சையாகவே தின்பார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே அத்தைக்கு ஒரு கடை. கட்டுக் கட்டாகக் கீரையை அடுக்குவது என் வேலை, வாயால் வியாபாரம் பார்ப்பது அத்தையின் வேலை. மாமனார் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியது அந்தத் தோட்டம்தான். அதை யாராவது வெறும் சேறு என்று சொன்னால் அத்தை அவர்களோடு பேசமாட்டார்.

இது எல்லாம் ஆரம்பித்தது பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடம். தினமும் முதல் நடை முடிந்ததும் எங்கள் கடையில் நின்று ஒரு கட்டுக் கீரையை அப்படியே மென்றுவிட்டுப் போகிறவர். ஆள் நல்ல உடம்பு. அவருக்குக் காய்ச்சல் வந்தது, விட்டது, மறுபடி வந்தது. வலது விலாவுக்குக் கீழே குத்து வலி. சட்டை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. பெரிய மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தால் ஈரலில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். புற்றுநோயாகத்தான் இருக்கவேண்டும், அறுத்துப் பார்த்துவிடலாம் என்று நாள் குறித்துவிட்டார்கள்.

அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதார். அக்காவிடம் உதவி கேட்டு வரவில்லை. அத்தையிடம் ஆறுதல் தேடித்தான் வந்தார். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ரத்தப் பரிசோதனைத் தாள் கையில இருக்காம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா ஒற்றைக் காலில் காலணியோடு நின்றபடியே படித்தார். பிறகு அந்தத் தாளை என்னிடம் காட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது ஒரு வகை வெள்ளணு. நூத்துல நாலோ அஞ்சோ இருக்கவேண்டியது. இவருக்குப் பாதிக்கு மேல இருக்கு. புற்றுநோய்க்கு இது இப்படி ஏறுறது அபூர்வம். உடம்புக்குள்ள புழு ஏதோ ஊர்ந்து போறப்பத்தான் இப்படிப் படை திரளும்."

"புழுவா?" என்று அத்தை முகத்தைச் சுளித்தார். "அழுதுட்டு வந்தவகிட்ட பேசுற பேச்சாடி இது?"

ஆனால் அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டிருந்தார்.

அக்கா அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "நீங்க நினைக்கிறது தப்புன்னு நான் சொல்லலை சார். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க. நான் தப்பா இருந்தா ஒரு வாரம் வீண். நீங்க தப்பா இருந்தா ஒரு ஈரல் வீண்." அந்த மருத்துவரும் நல்ல மனிதர். காத்திருக்கிறேன் என்றார்.

மலத்தில் முட்டை ஒன்றும் கிடைக்கவில்லை. அக்கா அசரவில்லை. ஈரல் புழு உள்ளே போய் வளர்ந்து முட்டையிடச் சில மாதங்கள் ஆகும், அதுவரை மலத்தில் தேடுவது கோழி வாங்கிய அன்றே முட்டைக்குக் கூடையில் கையை விடுகிற மாதிரி என்றார். ரத்தத்தில் அந்தப் புழுவுக்கு எதிரான அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கத் தலைநகர ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார். இருக்கிறது என்று பதில் வந்தது. ஓட்டுநருக்கு அறுவை நின்றது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரே மூச்சுவிட்டது.

அக்கா மட்டும் மூச்சுவிடவில்லை. "இந்தப் புழு ஒருத்தர்கிட்டயிருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, சின்னவ. எல்லாரும் ஒரே இடத்துல வாங்குறதுதான். இவர் ஒருத்தருக்கு இருக்குன்னா, அதே இடத்துல வாங்கின மத்தவங்க எங்க?" என்றார்.

அவர் தேட ஆரம்பித்த விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. முதலில் மருத்துவமனையில் சமீபத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களில் அந்த வெள்ளணு ஏறியிருந்தவர்களை எல்லாம் தேடிப் பிடித்தார். அப்புறம் அவர்கள் வீட்டில் மற்றவர்களை. அப்புறம் அக்கம் பக்கத்தை. மூடி போட்ட சின்ன வெள்ளை டப்பாக்கள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்கால்வரை ரப்பர் காலணியோடு, வாசல் வாசலாக ஏறி இறங்கினார். மரம் அறுக்கும் ஆலைக்குப் போனார், பேருந்துப் பணிமனைக்குப் போனார், பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

மக்கள் ரத்தம் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்றைக் கேட்டால்தான் வெட்கம். "வந்த விருந்தாளிக்குக் குடுக்கிற பொருளா இது?" என்று ஒருவர் கேலி செய்தார். டப்பாவை வாங்கிக் கடுகு போட்டுவைத்த வீடும் உண்டு. அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு டப்பா கொடுத்துவிட்டு, மறுநாளும் அதே வாசலில் நிற்பார். ஆய்வகத்தில் ஒவ்வொன்றையும் தண்ணீரில் கரைத்து, வடித்து, தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, மறுபடி தண்ணீர் விட்டு, கடைசியாக அடியில் தங்கும் மண்டியை ஒரு சொட்டு எடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பார். ஈரல் புழுவின் முட்டை கனமானது, அடியில்தான் தங்கும். ஒருமுறை நான் சாப்பாடு கொண்டுபோனபோது, அந்த அறையின் நாற்றத்தில் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா கண்ணை எடுக்காமல், "அப்படியே வச்சிட்டுப் போ, சாம்பார் ஆறினாலும் பரவாயில்லை" என்றார். பாடிக்கொண்டுவேறு இருந்தார்.

முட்டை முதன்முதலில் கிடைத்தது ஒரு கறிக்கடைக்காரரின் டப்பாவில். அது எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அவ்வளவுதான். ஈரல் புழு, ஈரல் விற்கிறவன். ஊர் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி மூன்று என்றது. அவர் கடையில் ஈ ஓட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. இதில் எல்லோரையும் விட உரக்கப் பேசியது எங்கள் அத்தைதான். "நெருப்பில்லாமப் புகையுமா? புழுத்த ஈரலை வெட்டி வெட்டி ஊருக்கே வித்திருக்கான். படுபாவி" என்று கடையில் நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

அக்கா கறிக்கடைக்காரர் வீட்டுக்குப் போய், ஒரு வாரம் ஈரலைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி டப்பா கொடுக்கச் சொன்னார். கொடுத்தார். அதில் முட்டையே இல்லை. ரத்தமும் சுத்தம்.

அன்று சாப்பிடும்போது அக்கா அதை விளக்கினார். "புழு இருக்கிற ஆட்டு ஈரலைத் தின்னா, அதிலிருக்கிற முட்டை வாய் வழியாப் போய் அப்படியே வெளிய வந்துடும். சும்மா வழிப்போக்கன். நோய் வராது. அவருக்கு ஒண்ணுமே இல்லை. அவர் யாருக்கும் குடுக்கவும் இல்லை."

"அப்போ யாரு குடுத்தா?" என்றார் அத்தை.

"அதைத்தான் தேடிட்டிருக்கேன் அத்தை."

"தேடு, தேடு. அவன் காசு குடுத்து உன் வாயை அடைக்கலைன்னா சரி."

அக்கா கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு முட்டைகள் உண்மையிலேயே கிடைக்க ஆரம்பித்தன. மர ஆலையில் மூன்று பேர், ஒரு ஆசிரியை, பணிமனை ஊழியர் ஒருவரின் குடும்பம் முழுக்க. அக்கா ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து என்ன தின்றீர்கள், எங்கே வாங்கினீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கேட்டு முடித்த அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் உள்ளே வராமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். நான் துணி எடுக்கப் போனபோது பாத்தியில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். ஒரு கீரைத் தண்டைத் தூக்கி அதன் அடிப்பக்கம் பார்த்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு நத்தைகள்.

"சின்னவ, இந்த வாய்க்காலோட கூட வரியா? மேல எங்க போகுதுன்னு பாக்கணும்."

ஓடையோடு ஏறினோம். வளைவு தாண்டி, நான் வெகுநாளாகப் போகாத மேட்டுப் புல்வெளி. அங்கே புதிதாக ஒரு பெரிய ஆட்டுப்பட்டி. போன வருடம்தான் போட்டார்களாம். ஆடுகள் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன, குடித்த இடத்திலேயே மற்றதையும் முடித்துக்கொண்டிருந்தன. அக்கா திரும்பிக் கீழே பார்த்தார். கீழே தெரிந்த முதல் கூரை எங்கள் வீடு.

நத்தைகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கிண்ணங்களில் விட்டு, வெளிச்சத்தில் வைத்தார். என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒரு நத்தையிலிருந்து தூசி தூசியாக ஏதோ வெளியே வந்து நீந்தியது. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு தூசிக்கும் வால். ஆட்டுப் புழுக்கையிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து மனிதனுக்கு. அந்த வழி முழுவதும் எங்கள் கொல்லையில் இருந்தது.

அக்கா நாற்காலியில் சாய்ந்து, "என்ன ஒரு பொழைப்பு பாரு இதுக்கு" என்றார். அந்தப் புழுவைப் பார்த்துக்கூட அவருக்கு ஒரு வியப்பு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, அத்தைகிட்டப் பேசணும்" என்றார்.

முதலில் அவர் கணவரிடம்தான் பேச்சு வந்தது. மூத்தவர் தயங்கித் தயங்கி, "அறிவிப்புல பொதுவா 'ஓடைக் கீரை'ன்னு போட்டுடேன். அம்மா பேரு எதுக்கு?" என்றார்.

"ஓடைக் கீரைன்னு போட்டா, 'நாம வாங்குறது தோட்டத்துக் கீரையாச்சே'ன்னு நம்மகிட்டயே வந்து வாங்கிட்டுப் போவாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம், புழுவை மறைக்க முடியாதுங்க."

அத்தை சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கா தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அத்தை, நாளைக்கு ஊர்ல அறிவிப்பு ஒட்டப்போறாங்க. அதுல நம்ம தோட்டம் இருக்கும். யாரோ வந்து சொல்லி நீங்க கேக்கக்கூடாது. அதான் நானே சொல்றேன்."

"நம்ம தோட்டமா? என் தோட்டம்."

"உங்க தோட்டம்."

"உன் புருஷன் இந்தக் கீரையில வளந்தவன்டி."

"தெரியும் அத்தை. அப்போ மேல ஆட்டுப்பட்டி இல்லை. உங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

"நான் மூணு தண்ணியில அலசி விக்கிறவ."

"முப்பது தண்ணியில அலசினாலும் அது இலையை விடாது. ஆனா ஒரு கொதி விட்டா செத்துடும். சமைச்சுத் தின்னா பயமே இல்லை."

அத்தை கையிலிருந்த கீரையைக் கூடையில் போட்டார். "கறிக்கடைக்காரனுக்காக ஓடி ஓடி நியாயம் தேடின. சொந்த மாமியாருக்கு இதுதானா?"

"அவருக்கும் உண்மையைத்தான் தேடினேன் அத்தை" என்றார் அக்கா. சொல்ல வந்ததை மாற்றவில்லை.

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. அத்தைக்கு அக்காவிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால், அக்கா எதிரிலேயே என்னிடம் சொல்வார். "சின்னவ, அவளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்கு அந்த நாட்களில்தான் புரிந்தது. கடை மூடிக் கிடந்தது. எனக்கும் பரிசோதனை செய்தார் அக்கா, எனக்கும் இருந்தது. தினம் நானும் தின்றவள்தானே.

ஒருநாள் காலை அத்தை வெளுத்த புடவை கட்டி, தலை வாரி, கையில் ஒரு துணிப்பையோடு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, "கூட வா" என்றார். நேராகச் சுகாதார அலுவலகம். அக்காவின் ஆய்வக மேசையில் துணிப்பையைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை வைத்தார்.

"பாரு" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

அக்கா பார்த்தார். கரைத்து, வடித்து, தெளியவிட்டு, கொட்டி, மறுபடியும். அத்தை ஒரு முக்காலியில் மூக்கைக்கூட மூடாமல் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கடைசியில் அக்கா உருப்பெருக்கியிலிருந்து தலையை நிமிர்த்தி, தலையசைத்தார்.

"நான் பாக்கணும்."

அக்கா அவர் கண்ணுக்கு ஏற்றபடி திருகிக் கொடுத்தார். அத்தை ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"மஞ்சளா, முட்டை மாதிரியே இருக்கே."

"முட்டைதான் அத்தை."

"ஓரத்துல ஏதோ கோடு."

"அது மூடி. குஞ்சு வெளிய வர்ற வாசல்."

"மூடி வேற வச்சிருக்கா, சண்டாளி" என்றார் அத்தை. பிறகு நிமிர்ந்து, அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுக்கி வைத்த டப்பாக்கள், கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குவளைகள், சுவரில் ஊர் வரைபடம், அதில் சிவப்புப் புள்ளிகள். "இத்தனையும் நீ ஒருத்தியாவா பாத்த?"

"ஆமா அத்தை."

அத்தை காலித் துணிப்பையை மடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைவீதிக்கு நடந்தார். கறிக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கறிக்கடைக்காரர் அத்தையைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்து என்ன வரப்போகிறதோ என்று நின்றார்.

"உன்னைப் பத்தி ஊரெல்லாம் பேசினேன்" என்றார் அத்தை, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கும்படி. "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆயிடுச்சு. புழு என் பாத்தியில இருந்திருக்கு. இப்ப என் வயித்துலயும் இருக்கு. என் கண்ணாலயே பாத்துட்டு வரேன். நான் பேசினது தப்பு."

கறிக்கடைக்காரர் உடனே உருகிவிடவில்லை. அவருக்கு வலித்திருந்தது. "சொல்லிட்டீங்கள்ல, போங்கம்மா" என்றார். அத்தை போனார். அது போதும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் முதல் அத்தை டப்பாப் பையைத் தூக்கினார். யாரும் கேட்கவில்லை, அவரே தூக்கினார். தன்னிடம் கீரை வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டினார். அக்கா கெஞ்சிக் கேட்டும் தராதவர்கள், அத்தை திட்டிக் கேட்டதும் தந்தார்கள். "என்ன வெக்கம்? நானே குடுத்தாச்சு. நீ என்ன ராஜகுமாரியா? நாளைக்குக் காலையில வருவேன், தயாரா இருக்கணும்" என்பார். கடுகு போட்டுவைத்த வீட்டில் அத்தை கடுகைக் கொட்டச் சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அக்காவிடம் பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் சாயங்காலம் நிறைந்த பையைக் கொண்டுவந்து ஆய்வக வாசலில் வைத்துவிட்டு, "எண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்தப் புழுவுக்கான மருந்து எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. அக்கா மேலிடத்துக்கு எழுதி, பேசி, நேரில் போய் உட்கார்ந்து வரவழைத்தார். ஒரே நாளில் இரண்டு வேளை மாத்திரை, அவ்வளவுதான். நான் விழுங்கினேன். அத்தை விழுங்கினார். ஓட்டுநருக்கு முதலில் கொடுத்தார்கள். சில நாள் வலி கூடி, அப்புறம் காய்ச்சல் விட்டது. மேட்டில் ஆட்டுக்காரர்களோடு பேசி ஆடுகளுக்கும் மருந்து கொடுத்து, ஓடையோரம் வேலி போட்டு, தண்ணீர் குடிக்கத் தொட்டி கட்டினார்கள். அத்தை பாத்திகளை வற்றவிட்டுக் காயப்போட்டார். அதைப் பார்க்க எங்களுக்கு மனசு கேட்கவில்லை. அத்தை மட்டும் மண்வெட்டியோடு நின்று, "மண்ணு எங்கயும் ஓடிடாது" என்றார். மேட்டுப் பாத்தியில் வெண்டையும் அவரையும் போட்டார்.

பிறகு ஓட்டுநருக்கு மறுபடி படம் எடுத்தார்கள். திட்டுகள் சுருங்கிக்கொண்டிருந்தன. அறுவை மருத்துவரே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாராம். தன் மாணவர்களுக்கு அந்தப் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப்போவதாகவும், கத்தியை எடுப்பதற்கு முன் என்ன கேட்கவேண்டும் என்று அக்காவே வந்து பேசவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாராம். அக்கா இதை எங்களிடம் ஒரு வரியில் சொன்னார். முழுதையும் மூத்தவர்தான் சொன்னார்.

அன்று விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு அக்கா கூடத்தில் பாயை விரித்தவர் அப்படியே தூங்கிப்போனார். ஈரல் புழு வந்த நாளிலிருந்து அவர் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நகத்தைச் சுற்றித் தோல் மருந்துத் தண்ணீரில் வெந்து உரிந்திருந்தது. ஒரு ஊரையே ஈரல் ஈரலாகத் தடவிப் பார்த்த கை என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தன் மகளுக்கும் இதே மாதிரிக் காய்ச்சல், டாக்டர் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றார். நான் எழுவதற்குள் அத்தை போய்விட்டார்.

"எந்த டாக்டரு?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"புழு டாக்டருங்க."

"ஆமா, என் மருமகதான்" என்றார் அத்தை. இருமவில்லை. "ரத்தம் பாத்த தாள் கொண்டாந்திருக்கியா? இருக்கா? சரி, இப்படித் திண்ணையில உக்காரு. நான் மோர் தரேன். சத்தம் போடாத. பெரியவ தூங்குறா, எழுந்ததும் பாப்பா."

உள்ளே வந்து, கூடத்து ஜன்னலில் வெயில் அக்காவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்த பக்கத்தை மட்டும் சாத்தினார்.